‘எதுவும் வேண்டாம் அண்ணி’ என்றால் என்ன வாங்கிப் போவது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 43. ஒரே தம்பி, புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறார். தம்பி மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. முதல் குழந்தை பெண், நான்கு வயது, எல்கேஜி போகிறாள். இரண்டாவது பிரசவத்துக்கு இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கிறது. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

“முதல் குழந்தைக்கு அத்தை முறைக்கு எல்லாம் குறையில்லாமல் செய்தேன். இந்த முறையும் 25,000 ரூபாய் எடுத்து வைத்து, தம்பி மனைவியிடம் என்ன வாங்கலாம் என்று கேட்டேன். ‘எதுவும் வேண்டாம் அண்ணி, பாப்பாவோடது எல்லாம் பரணில் இருக்கு’ என்று வாட்ஸ்அப்பில் ஒற்றை வரி போட்டாள். மனசு விட்டுப் போச்சு. இரண்டாவது பிள்ளைக்குப் பழசையா போடுவது? நாங்கள் செய்வது அவளுக்குப் பிடிக்கவில்லையா?” என்று கேட்கிறார்.

அவர் போட்டு வைத்திருக்கும் பட்டியல்: ஒரு கிராம் தங்க மோதிரம், வெள்ளி அரைஞாண், ஸ்பிரிங் தொட்டில், வாக்கர், பாட்டில், பவுடர், சோப்பு எல்லாம் சேர்ந்த கிப்ட் செட், வசம்பு வளையல். அவருடைய அம்மாவுக்கு வேறு கணக்கு. ஆண் என்றால் தங்கம், பெண் என்றால் வெள்ளி போதுமாம். அதனால் “ஸ்கேனில் என்ன குழந்தை என்று தெரிந்தால் வாங்க வசதியாக இருக்கும், அங்கே யாராவது சொல்வார்களா?” என்றும் கேட்டிருக்கிறார். மூத்தவளைப் பிரசவத்துக்குப் பிறகு 40 நாள் கடலூருக்கு அழைத்து வந்து வைத்துக்கொள்ளும் யோசனையும் இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

மனசு விட்டுப் போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அந்த ஒற்றை வரியிலிருந்தே தொடங்குகிறேன். எட்டு மாத வயிற்றோடு பள்ளிக்குப் போய்வந்து, நான்கு வயதுப் பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டே ஒரு பெண் அனுப்பும் செய்தி ஒற்றை வரியாகத்தான் இருக்கும். அதில் நான் அவமதிப்பைப் பார்க்கவில்லை. அது வீட்டு நிலவரம். முதல் பிரசவத்தில் வீட்டில் பொருள் இருக்காது, ஆள் இருப்பார்கள். அம்மா வீடு தாங்கும், பார்க்க வருகிறவர்கள் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டாவதில் பரண் நிறையப் பொருள் இருக்கும், கை கொடுக்க ஆள் இருக்காது. விடிய விடியப் பால் கொடுத்துவிட்டுக் காலை ஏழரைக்கு இன்னொரு பிள்ளைக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, வேனில் ஏற்ற வேண்டும். “எதுவும் வேண்டாம்” என்பதைப் “பொருள் வேண்டாம்” என்று படித்துப் பாருங்கள், வருத்தம் பாதி குறையும்.

பழைய துணி பற்றி: பிறந்த குழந்தைக்குப் புதுத் துணியை விடப் பலமுறை துவைத்து மெத்தென்று ஆன துணிதான் நல்லது. பச்சைக் குழந்தையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றுவது நம் வீடுகளில் நடப்பதுதானே. இளையதுக்குப் பழசா என்று அந்தக் குழந்தை கேட்கப்போவதில்லை, கேட்கிறவர்கள் பெரியவர்கள்தான். ஆனால் பரணில் இருக்கும் துணியில் ஒரு ஆபத்து உண்டு. பூச்சி அரிக்காமல் இருக்க நடுவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருப்பார்கள். அதில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். வாயில் போட வேண்டியதில்லை, அந்தத் துணியைச் சுற்றியிருந்தாலே போதும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே மூட்டையை இறக்கி, உருண்டைகளை எறிந்து, எல்லாவற்றையும் துவைத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைத்து, வாசனை துளியும் இல்லாமல் போன பிறகுதான் எடுத்து வைக்க வேண்டும். நைந்த எலாஸ்டிக், ஆடும் பட்டன், நூல் தொங்கும் காலுறை இருந்தால் கழித்துவிடலாம். நிறைமாதத்தில் பரண் ஏற முடியாதவருக்கு இதை நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் செய்து கொடுத்தால், நான் அதைத்தான் முதல் சீர் என்பேன். பிறக்கும் முன்னால் எதுவும் வாங்கக்கூடாது என்று உங்கள் அம்மா நினைத்தாலும், துவைப்பதில் அவருக்கு ஆட்சேபம் இருக்காது.

ஸ்கேன் விஷயம்

யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சொல்லும் மருத்துவர் மட்டும் மாட்டுவதில்லை. கேட்கிற கணவருக்கும் உறவினருக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மோதிரம் வாங்க வசதியாக இருக்குமே என்று வெள்ளை மனதோடுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தில் ஆணுக்குத் தங்கம், பெண்ணுக்கு வெள்ளி என்ற கணக்கும் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை இருக்கும் வீட்டில், பிரசவ அறை வாசலில் ‘மறுபடியும் பொண்ணா’ என்று இழுத்த குரலை அந்தத் தாய் பல வருஷம் மறப்பதில்லை. இதை என் கிளினிக்கில் உட்கார்ந்து அழுத அம்மாக்களிடம் கேட்டிருக்கிறேன். இன்றைக்கே ஒரு முடிவு எடுங்கள். எது பிறந்தாலும் ஒரே சீர். பிறப்பதற்கு முன்பே அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள், அன்றைக்கு வாக்குவாதம் வராது.

உங்கள் பட்டியலில் எது இருக்கட்டும், எது வேண்டாம்

வாக்கர் வேண்டவே வேண்டாம். அதில் உட்கார வைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பது தவறான நம்பிக்கை. குழந்தை தவழ்ந்து, பிடித்து எழுந்து, தடுமாறி விழுந்துதான் நடை பழகும். வாக்கரில் இருக்கும் குழந்தை நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் படியோரம் போய்விடும், எட்டாத மேசையில் இருக்கும் சூடான டீயை இழுத்துவிடும். கனடா 2004-லேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் ஊரில் தடை இல்லை, கடை வாசலில் தொங்குகிறது, அவ்வளவுதான்.

கிப்ட் செட்டையும் விட்டுவிடலாம். அதில் இருக்கும் சோப்பு தவிர எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. பவுடரின் பொடி மூச்சோடு நுரையீரலுக்குள் போகும், குழந்தைக்குப் பவுடரே தேவையில்லை. கூடவே மையும் வரும். நெற்றியோரம் பொட்டாக வைத்தாலும் கை பட்டு வாய்க்குப் போகும், கண்ணுக்குள் போடுவது கூடவே கூடாது. பாட்டிலுக்கு ஒரு தனிச் சட்டமே இருக்கிறது. பால் மாவு, பாட்டில் கம்பெனிகள் தாய்மார்களுக்கு இவற்றை அன்பளிப்பாகவோ சாம்பிளாகவோ தருவதையும், விளம்பரம் செய்வதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அத்தை வாங்கிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்காது. ஆனால் ஏன் அப்படி ஒரு சட்டம் போட்டார்கள் என்று யோசியுங்கள். ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தை வீறிட்டு அழும்போது பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கை அதற்குத்தான் போகும். பாட்டிலில் குடிக்கக் குடிக்க மார்பில் உறிஞ்சுவது குறையும், உறிஞ்சுவது குறைந்தால் சுரப்பதும் குறையும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். கிரைப் வாட்டரும் தேவையில்லை. சேனை என்று நாக்கில் தேன் தடவுவது உங்கள் வீட்டு வழக்கமானால் இந்த முறை விட்டுவிடுங்கள். ஒரு வயது வரை தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உடம்பைத் துவளச் செய்துவிடும்.

தொட்டில் விஷயத்தில் யோசிக்க வேண்டியது மூத்தவளைத்தான். நான்கு வயதுப் பிள்ளை தம்பியையோ தங்கச்சியையோ ஆட்டத்தான் போகும், ஆசையாகவும் வேகமாகவும் ஆட்டும். ஏணை கட்டினாலும் ஸ்பிரிங் மாட்டினாலும் கொக்கி உறுதியாக இருக்க வேண்டும், தரைக்கு ஒரு முழத்துக்கு மேல் உயரம் வேண்டாம், பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் அவள் ஆட்டக்கூடாது. ராத்திரித் தூக்கத்துக்குத் தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். இந்தக் காசுக்கு நல்ல குடைக் கொசுவலை ஒன்று வாங்குங்கள். டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும், பகலில் தூங்கும் பிள்ளைக்கு வலை அவசியம். நான்கு வருஷத்துக்கு முந்தைய வலை இருந்தால் கட்டாயம் எங்காவது கிழிந்திருக்கும்!

மோதிரமும் அரைஞாணும் உங்கள் முறை, அதில் நான் தலையிடவில்லை. பெயர் வைக்கிற அன்று போடுங்கள், போட்டோ எடுங்கள், சாயங்காலமே கழற்றி டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். பிஞ்சு விரல் நேராக வாய்க்குத்தான் போகும், மோதிரமும் கூடவே போகும். அரைஞாணில் சலங்கை மணி கோத்தது வேண்டாம். வசம்பு வளையலுக்கும் இதே காரணம்தான், நூல் அறுந்தால் ஒவ்வொரு துண்டும் தொண்டை அளவு. கழற்றி வைத்தால் உங்களை மதிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

மூத்தவள்

உங்கள் கடிதத்தில் அவளுக்கென்று ஒரு பொருளும் இல்லை. “அவளுக்குத்தான் அப்போதே செய்தாச்சே” என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என் பார்வையில் இந்தப் பிரசவத்தில் முக்கியமான பரிசு அவளுக்குத்தான். பிறந்த குழந்தைக்கு யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று தெரியாது. அவளுக்கு ஒவ்வொரு பையும் தெரியும். வருகிறவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித் தொட்டிலுக்குப் போவதை ஹாலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வேண்டுகோள். “பாப்பா வந்துட்டா உன் மவுசு போச்சு”, “இனிமே அம்மா உன்னைப் பார்க்க மாட்டா” என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள், மற்றவர்கள் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பெரியவர்களுக்குச் சிரிப்பு, அவளுக்கு அது செய்தி. குழந்தை வந்த பிறகு அவள் மறுபடி படுக்கையில் சிறுநீர் போகலாம், மழலையில் பேசலாம், பாலாடையில் ஊட்டு என்று அடம் பிடிக்கலாம். இது பல குழந்தைகளுக்கு வரும், சில வாரம், சிலருக்குச் சில மாதம் இருந்துவிட்டுப் போய்விடும். திட்டினால்தான் நீளும்.

அதனால்தான் 40 நாள் கடலூருக்கு அழைத்து வரும் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்ற உங்கள் நல்ல எண்ணம் புரிகிறது. ஆனால் அவள் கணக்கில், பாப்பா உள்ளே வந்தது, நான் வெளியே போனேன். திரும்பி வரும்போது தாய் மடியில் இன்னொருத்தர் நிலையாக உட்கார்ந்திருப்பார். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு மூன்று ராத்திரி நீங்கள் லாஸ்பேட்டை போய் அவள் வீட்டிலேயே, அவள் பாயிலேயே அவளோடு படுத்துக்கொள்ளுங்கள். பிறகு வாரம் ஒரு நாள் காலையில் வந்து அழைத்துப் போய், தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மணலில் விளையாட விட்டு, சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விடுங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தானே, இதை விட நல்ல இடத்தில் அத்தை அமைவது கஷ்டம்.

பொருளாகவும் ஒன்று கொடுங்கள். யாரோடும் பங்கு போட வேண்டாத, அவளுக்கு மட்டுமே உரிய பொருளாக இருக்கட்டும். குளிப்பாட்டி உடை மாற்றும் பொம்மை, கலர் பென்சில், படம் வரையத் தாள், அவற்றை வைத்துக்கொள்ள மூடியுள்ள ஒரு பெட்டி. பெட்டி முக்கியம். ஏழெட்டு மாதத்தில் சின்னது தவழ ஆரம்பித்து மூத்தவள் பொருளையெல்லாம் வாயில் வைக்கும். “பாப்பா உனக்கு வாங்கிட்டு வந்தது” என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. நான்கு வயதுக்குப் பொய் தெரியும். “அத்தை உனக்கு வாங்கினேன், நீ அக்கா ஆயிட்டே” என்றால் போதும்.

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் மலிவாக விளக்கெரிந்து பாடும் பொம்மைகள் கிடைக்கும். கடையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றில் சட்டைப் பட்டன் அளவு பேட்டரி இருக்கும், மூடியில் ஸ்குரூ இருக்காது. சின்னக் குழந்தை அதை விழுங்கினால் உணவுக் குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குங்கள். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. பண்ருட்டி மண் பொம்மை, திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை மேல் ஆசை இருந்தால் வாங்கி ஷெல்ஃபில் வையுங்கள். விளையாடக் கொடுத்தால் ஒரு நாள் தாங்காது.

தாய்க்கு

பணத்தில் பெரும்பகுதியை இங்கே செலவிடச் சொல்வேன். பாத்திரம், துணி, வீடு பெருக்க ஒரு மாதத்துக்கு ஆள் வைத்துச் சம்பளத்தை நீங்கள் கொடுத்துவிடுங்கள். ஆளை அவரே தேர்ந்தெடுக்கட்டும், இல்லையென்றால் அது உதவியாக இல்லாமல் இன்னொரு நிர்வாகமாகிவிடும். வேலைக்குத் திரும்பும்போது பால் எடுத்து வைக்கும் பம்ப் உதவும். முதல் இரண்டு பிரசவத்துக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது சட்டம், ஆனால் எல்லாத் தனியார் பள்ளியும் மனமுவந்து கொடுத்துவிடுவதில்லை. பம்ப் அந்தரங்கமான பொருள் என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சாப்பாடு செய்து எடுத்துப் போவதென்றால் பூண்டுக் குழம்பு, கீரை, மத்தி மீன். முதுநகர் துறைமுகத்தில் பால்சுறா கிடைக்கும், புட்டு செய்து தர ஆசைப்படுவீர்கள். ஒரு நாள் தரலாம், தினம் வேண்டாம். சுறா வகை மீன்களில் பாதரசம் அதிகம் சேரும். பால் சுரக்க வைப்பது சுறா இல்லை, குழந்தை அடிக்கடி உறிஞ்சுவதுதான். தண்ணீர் குறைவாகக் குடிக்க வேண்டும் என்று உங்கள் அம்மா சொன்னால் அதையும் மெதுவாக மறுத்துவிடுங்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கலாம். இரண்டு வாரம் தாண்டியும் தம்பி மனைவி காரணமில்லாமல் அழுதுகொண்டோ, தூங்க நேரம் கிடைத்தும் தூங்காமலோ, குழந்தை மேல் ஒட்டுதல் இல்லாமலோ இருந்தால் ‘பச்சை உடம்புக்காரி, அப்படித்தான்’ என்று விடாமல் தம்பியிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துப் போகச் செய்யுங்கள். வெளியிலிருந்து வாராவாரம் வருகிற உங்கள் கண்ணுக்குத்தான் அது முதலில் தெரியும்.

பணமாகவே கொடுப்பதென்றால்

மோதிரத்துக்குப் பதில் யோசிக்கக்கூடிய ஒன்று, 2015-இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டம். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம், 15 ஆண்டு கட்ட வேண்டும், 21 ஆண்டில் முதிரும். கணக்கைப் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் தொடங்க முடியும், அத்தை தொடங்க முடியாது. நீங்கள் தொகையைத் தம்பியிடம் கொடுங்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது. மூத்தவளுக்கு இன்னும் கணக்கு இல்லையென்றால் அவளுக்கு இப்போதே தொடங்கலாம், பிறப்பது என்ன குழந்தை என்று காத்திருக்க வேண்டியதே இல்லை. பெண் பிறந்தால் அவளுக்கும் ஒன்று, ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு அனுமதி உண்டு. ஆண் பிறந்தால் அதே தொகையை அவன் பெயரில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் போடச் சொல்லலாம்.

தம்பி மனைவிக்கு மறுபடியும் “என்ன வேணும்?” என்று கேட்டு அனுப்பாதீர்கள். அந்தக் கேள்விக்கு அவரால் “எதுவும் வேண்டாம்” என்றுதான் சொல்ல முடியும். “ஞாயிற்றுக்கிழமை வந்து பரணில் இருக்கிற துணியை இறக்கித் துவைச்சுத் தரேன். நீ ஆஸ்பத்திரியில் இருக்கிற நாளெல்லாம் பாப்பாகூட நான் இருக்கேன். ஒரு மாசம் வேலைக்கு ஆள் வச்சுக்கோ, சம்பளம் என் பொறுப்பு. இதுல எது வேணாம்னு சொல்லு” என்று எழுதுங்கள். பிரசவமான பிறகு பார்க்கப் போகும் அன்று உங்களுக்குச் சளியோ இருமலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். போனதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைக்கு முகத்தில் முத்தம் வேண்டாம். பார்க்க வரும் மற்றவர்களிடம் இதைச் சொல்லும் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி மனைவி சொன்னால் மனஸ்தாபம் வரும், நாத்தனார் சொன்னால் கேட்பார்கள்.